தெளிந்த நீரில் தெரியும் மீன்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாய் ஒரு குளம் கட்டி நாலு வண்ண மீன்களை விடுகிறவர்கள் மீன் கடைக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு புகார்களோடுதான். ஒன்று, மீன் காணாமல் போகிறது. இன்னொன்று, தண்ணீர் பச்சையாகிவிட்டது. சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் முதல் புகாருக்கு வலை கிடைக்கும். இரண்டாவதற்கு மோட்டார், ஃபில்டர், யுவி விளக்கு, குப்பியில் அடைத்த மருந்து எல்லாம் கிடைக்கும். வாங்கிப் போகிறவர்களில் பலர் அடுத்த கோடையில் அதே இரண்டு புகார்களோடு மறுபடி வருகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் வேறுவேறு சிக்கல்கள் என்று நாம் பிரித்து வைத்துக்கொண்டதுதான் கோளாறு.

மீனுக்குக் கண்ணாடி போன்ற நீர் வேண்டும் என்பது மீனின் விருப்பமல்ல, பார்க்கிறவரின் விருப்பம். கெண்டை வளர்க்கும் பண்ணையாளர் குளத்தில் சாணத்தைக் கரைத்து, வேண்டுமென்றே தண்ணீரைப் பச்சையாக்குகிறார். அந்தப் பச்சையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள்தான் கட்லாவுக்குத் தீனி. கையை முழங்கை வரை நீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பது அவருடைய சோதனை. முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்துவிட்டால் பச்சை சரியான அளவில் இருக்கிறது. 1865-ல் இத்தாலியப் பாதிரியும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி நீரின் தெளிவை அளந்தார். அவர் பெயர் தாங்கிய தட்டு இன்றும் மீன்வளத் துறையினர் கையில் இருக்கிறது. உணவு மீன் வளர்ப்புக்கு அவர்கள் சொல்லும் கணக்கு, தட்டு 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் மறைய வேண்டும் என்பது. தோட்டக் குளம் வைத்தவரோ ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல் தெரிய வேண்டும் என்கிறார். தெரியட்டும். கூழாங்கல் தெரிகிற நீரில் மீனும் தெரியும். கரையோர மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கும் தெரியும்.

போதாக்குறைக்கு, நாம் விடுகிற மீன்களின் நிறம். காட்டு மீன்களுக்கு முதுகு கருத்திருப்பது மேலிருந்து பார்க்கும் பறவையிடமிருந்து தப்பத்தான். தங்கமீனின் மூதாதையும் அப்படி மங்கலான மீன்தான். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளாகப் பொறுக்கியெடுத்து வளர்த்து அந்தக் கருமையை நீக்கினார்கள். இன்றும் தங்கமீன் குஞ்சு பிறக்கும்போது கருத்துத்தான் இருக்கும், சில மாதங்கள் கழித்தே பொன்னிறம் ஏறும். ஜப்பானின் நீகாடா மலைக் கிராமங்களில் உருவான கோய் மீனோ மேலிருந்து பார்ப்பதற்கென்றே வண்ணம் தீட்டப்பட்ட மீன். 1914-ல் தோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் நாடு முழுவதும் பெயர் பெற்றது. வெள்ளையும் செம்மையுமாய் மினுங்கும் ஓர் உயிரைத் தெளிந்த நீரில், வெட்டவெளியில், ஒன்றரை அடி ஆழத்தில் விட்டுவிட்டுக் கொக்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

சரி, திருடர்கள் யார் யார்? தமிழ்நாட்டுச் சமவெளியில் முதலில் நிற்பது குருட்டுக்கொக்கு என்கிற மடையான். மண்ணிறத்தில் ஒடுங்கி நிற்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். அசையாமல் நிற்பதால் கண் தெரியாது என்று பெயர் வாங்கிய இந்தப் பறவை, நீரில் ஒளி வளைவதால் மீன் இடம் மாறித் தெரிவதைக்கூடக் கணக்கில் கொண்டு கொத்தும் கொக்கினத்தைச் சேர்ந்தது. கோயில் குளங்களில் மீனுக்கு நாம் போடும் பொரியைப் பொறுக்கித் தின்னவும் கற்றுக்கொண்டது. தீனி போடும் நேரத்தில் மீன்கள் மேலே கூடும் என்பது அதற்கு மனப்பாடம். கால் குட்டை என்பதால் ஒரு சாணுக்கு மேல் ஆழத்தில் இறங்கி நிற்காது. இந்த ஒரு செய்தியே பாதிப் பாதுகாப்புக்கு வழிகாட்டிவிடுகிறது.

பகலில் மடையான் என்றால் இருட்டியபின் வக்கா. இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். சிவந்த கண்ணும் ‘குவாக்’ என்ற ஒற்றைக் குரலுமாக அந்தியில் கிளம்பும். காலையில் பார்த்தால் நாலைந்து மீன் குறைந்திருக்கும், ஒரு தடயமும் இருக்காது. மீன்கொத்திகளில் வீட்டுத் தோட்டத்துக்குப் பழகியது வெண்மார்பு மீன்கொத்தி. அது வெட்டுக்கிளியையும் ஓணானையும் தின்றே காலம் தள்ளக்கூடியது, மீன் கிடைத்தால் விடாது. சிறு மீன்கொத்திக்கு மீன்தான் வாழ்வு. விரல் நீளக் கப்பிகளும் தங்கமீன் குஞ்சுகளும் அதற்கு அளவெடுத்தது போலிருக்கும். நீர்க்காகம் சின்னக் குளத்துக்கு அவ்வளவாக வராது. ஏரியோரப் பண்ணை வீடுகளில் வந்தால் தப்பிப்பதற்கு வழியே இல்லை. அது நீருக்குள் முங்கி விரட்டிப் பிடிக்கிற பறவை, ஆழம் அதற்குத் தடையல்ல. காக்கை நல்ல மீனைப் பிடிப்பது அரிது. சோர்ந்து மேலே மிதக்கும் மீனைத்தான் தூக்கும். ஆகவே காக்கை மீன் தூக்கினால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

தரைவழி வருகிறவற்றில் பூனை, கீரி, மரநாய் மூன்றும் ஓரம் தாழ்வான குளத்தில்தான் கை வைக்கும். கரையில் செதிலும் வாலும் சிந்திக் கிடந்தால் இவற்றின் வேலை. காவிரியை ஒட்டிய தோப்புகளில் நீர்நாய் வந்தால் ஒரே இரவில் குளம் காலியாகும். தண்ணீர்ப்பாம்பு கரையோரப் பொந்தில் தங்கி, நாளுக்கொன்றாக மீனைக் குறைக்கும். முதுகில் கட்டம் கட்டமாய்க் கறுப்புப் புள்ளியுள்ள இந்தப் பாம்பு கோபக்காரப் பாம்பு, கடிக்கும், மனிதருக்கு நஞ்சில்லை. நாம் அஞ்ச வேண்டிய பாம்பு வேறு. குளம் இருந்தால் தவளை வரும், தவளையைத் தேடி நல்ல பாம்பு வரும். குளத்தைச் சுற்றிப் புதரும் கற்குவியலும் அழகுக்காக வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. இரவில் கரையோரம் ஒரு விளக்கும், கரையிலிருந்து இரண்டடிக்குச் செடியில்லாத வெற்றுத்தரையும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்காகவேனும் வேண்டும்.

குஞ்சு பொரித்த குளத்தில் கண்ணுக்குத் தெரியாத கொள்ளை ஒன்று நடக்கும். தும்பியின் இளம்பருவம் நீரடியில் பதுங்கியிருந்து, மடித்து வைத்த கீழ்த்தாடையை நீட்டிக் குஞ்சுகளைப் பிடிக்கும். நீர்வண்டுகளும் பெரிய நீர்மூட்டைப் பூச்சியும் அப்படியே. குஞ்சு வளர்ப்புப் பண்ணைகளில் ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்ற கணக்கில் கரைசல் தெளிப்பது பழைய முறை. எண்ணெய்ப் படலம் மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகளை அடைத்துக் கொன்றுவிடும். தும்பிக் குஞ்சுக்கு இது பலிக்காது, ஏனென்றால் அதன் செவுள் மலக்குடலில் இருக்கிறது, மேலே வரவே வேண்டாம். வீட்டுக் குளத்தில் எண்ணெயும் வேண்டாம் சோப்பும் வேண்டாம்; குஞ்சுகளைத் தனித் தொட்டியில் வளர்த்து, விரலளவு ஆனபின் விட்டால் போதும். வளர்ந்த தங்கமீன் தும்பிக் குஞ்சைத் தின்றுவிடும். தன் முட்டையையும் தின்னும் என்பது வேறு கதை.

பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விராலும் கெளுத்தியும் மழைநீரோடு உள்ளே வந்துவிட்டால் எந்த வலையும் உதவாது. குட்டையை வற்றவிட வேண்டும், அல்லது மீன் விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது மீன்வளத் துறையின் பரிந்துரை. அதிலுள்ள சபோனின் மீனைக் கொன்று, இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் இழந்து, பிறகு எருவாகும். மீன் இருக்கும் குளத்தில் இதை ஒரு பிடிகூடப் போடக்கூடாது.

பறவையை விரட்ட மக்கள் செய்யாத வித்தையில்லை. பழைய சிடி கட்டித் தொங்கவிடுவது, பளபளக்கும் நாடா, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் சில நாளைக்குத்தான். பழகிவிட்டால் அதே ஆந்தையின் தலையில் மீன்கொத்தி உட்காரும். இதில் மிகவும் வேடிக்கையானது மேல்நாட்டிலிருந்து வந்த நாரைப் பொம்மை. ஒரு நாரை நிற்கும் இடத்துக்கு இன்னொன்று வராது என்ற நம்பிக்கையில் விற்கிறார்கள். விலங்கியலாளர் ஜான் கிரெப்ஸ் கனடாவில் பெரிய நீல நாரைகளிடம் பொம்மைகளை வைத்துச் சோதித்து 1974-ல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது: பொம்மைகள் நிற்பதைக் கண்டு, இங்கே இரை இருக்கிறது என்று பறவைகள் இறங்கின. காசு கொடுத்து விருந்தாளியை அழைக்கும் பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொல்வதும் பொறி வைப்பதும் பேச்சுக்கே இடமில்லாதவை. கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம், நீர்நாய் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. சட்டத்தைவிட அடிக்கடி மீறப்படுவது வலை விஷயம். மெல்லிய நைலான் மீன்வலையைக் குளத்தின் மேல் தொளதொளவென்று போர்த்துவிட்டால் மீன் பிழைக்கும். சாரைப்பாம்பும் மீன்கொத்தியும் அதில் சிக்கி, நாள் முழுக்கத் துடித்துச் சாகும். வலை போட்டால் விறைப்பான சட்டத்தில் இழுத்துக் கட்டியதாக, தடித்த இழையுள்ளதாக, நீரிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். இறால் பண்ணைகளில் கொக்கு ஒரு குளத்து நோயை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாமல் இருக்க மேலே வரிசையாகக் கயிறு கட்டுகிறார்கள். பெரிய குளத்துக்கு அதுவும் ஓரளவு உதவும்.

என் கணிப்பில் இந்த ஊர் வெயிலுக்கு ஏற்ற ஒரே பொருள் நிழல்வலைதான், மாடித் தோட்டக்காரர்கள் தக்காளிக்குக் கட்டுகிற அதே பச்சை வலை, 50 சதவீதம் வெயிலைத் தடுப்பது. ஏழெட்டு அடி உயரத்தில் பந்தல் போல் கட்டி, பக்கங்களில் கோழிவலை இறக்கினால் பறவைக்கு வழியடைபடும். வெயில் பாதியாவதால் பாசி குறையும். நீரின் சூடும் தணியும். மேலே சொன்ன இரண்டு புகார்களும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அழகு கெடுகிறது என்பார்கள், கெடத்தான் செய்கிறது. அழகு கெடாமல் வேண்டுமென்றால் குளம் தோண்டும்போதே யோசித்திருக்க வேண்டும்: கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக, நீர்மட்டம் விளிம்பிலிருந்து ஓரடி கீழே, ஆழம் குறைந்தது மூன்றரை அடி, அடியில் மீன் ஒளிய சாய்த்து வைத்த பானைகளோ அகலமான பிவிசி குழாய்த் துண்டுகளோ. மடையானுக்கு நிற்க இடமில்லை, பூனைக்குக் கை எட்டாது. மூன்றரை அடி நீர் குழந்தைக்கு ஆபத்து என்பது உண்மை. அதற்கு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இரும்புக் கம்பி வலைத்தட்டு பதித்துவிடலாம், மீன் அதன் கீழே நிம்மதியாக இருக்கும்.

இனித் தண்ணீர். கலங்கல் எல்லாம் ஒரே கலங்கல் அல்ல. நிறத்தைப் பார்த்தே பாதி நோய் சொல்லிவிடலாம். புதுக் குளத்தில் பால் கலந்தது போல் வெண்மை வந்தால் பாக்டீரியா பெருகுகிறது, தானே அடங்கும். தேநீர் நிறம் வந்தால் வாதுமை இலையோ மா இலையோ ஊறுகிறது. மீனுக்குக் கெடுதலில்லை, மீன் வளர்ப்பவர்கள் வாதுமை இலையை விலை கொடுத்து வாங்கியே போடுகிறார்கள். மண் நிறமென்றால் மழை வெள்ளம் உள்ளே வருகிறது, அல்லது கோய் மீன் தொட்டிச் செடியின் மண்ணைக் கிளறுகிறது. இந்தக் கடைசி வகைக் கலங்கலுக்குத்தான் தேற்றாங்கொட்டையும் படிகாரமும். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்திருந்த தேற்றாங்கொட்டை களிமண் துகள்களைத் திரட்டிக் கீழே இறக்குகிறது. குடத்து நீருக்குச் சரி. குளத்தில் வண்டல் அடியில்தான் கிடக்கும், மீன் கிளறினால் திரும்ப எழும்பும். படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைத்து மீனை வருத்தும். மண் வரும் வழியை அடைப்பதே மருந்து.

பச்சைதான் பெரிய வழக்கு. நீரில் மிதக்கும் நுண்பாசிக்கு வேண்டியவை வெயில், நைட்ரஜன், பாஸ்பரஸ். வெயிலைச் சூரியன் தருகிறது. மற்ற இரண்டையும் தருவது தீவன டப்பா. ஒரு கிலோ தீவனம் போட்டால் ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா மீனின் செவுள் வழியாக நீருக்கு வந்து சேர்கிறது. வடிகட்டியில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது பாசிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக் குடும்பம் ஊன்றி நிற்க நாலைந்து வாரமாகும் என்பதால் புதுக் குளத்தில் முதல் நாளே இருபது மீன் விடுவது கொலைக்குச் சமம். புதுச் சிமெண்டுத் தொட்டியென்றால் அதற்கும் முன்னால் சுண்ணாம்புக் காரம் இறங்க வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றுவது நம்மூர் வழக்கம். நல்ல வழக்கம்.

அம்மோனியாவின் கடுமை நீரின் காரத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில், கார அமில அளவு 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 8-ல் ஏழெட்டுப் பங்கு. 9-ல் கிட்டத்தட்டப் பாதி. பச்சைப் பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் இந்த அளவு 9-ஐத் தாண்டுவதும் உண்டு. இரவில் கதை மாறும்: பாசியும் மூச்சு விடும், மீனும் மூச்சு விடும். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி நீர் ஏழரைதான் தாங்கும். மே மாத விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். அந்த நேரத்தில்தான் மடையானும் காக்கையும் கரையில் காத்திருக்கின்றன. கொக்கு தூக்கியதாக நாம் கணக்கெழுதும் மீன்களில் ஒரு பகுதி மூச்சுத் திணறி முன்பே பாதி செத்தவை.

யுவி விளக்கு என்ன செய்யும்? குழாய் வழியே போகும் நீரிலுள்ள மிதக்கும் பாசியைக் கொல்லும். ஓரிரு வாரத்தில் நீர் பளிச்சென்றாகும். சுவரில் படரும் நூல்பாசியை ஒன்றும் செய்யாது, மண் கலங்கலை ஒன்றும் செய்யாது, அம்மோனியாவைத் தொடவே தொடாது. ஓராண்டுக்கு மேல் எரிந்த விளக்கு நீலமாக ஒளிரும், வேலை செய்யாது. நீர் தெளிவாக இருக்கிறது, மீன் சாகிறது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் விளக்கை நம்பி வடிகட்டியை மறந்தவர்கள். மயில்துத்தம் அதைவிட மோசம். பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்; செம்பு நேரடியாகவே செவுளை அரிக்கும்.

பதிலாகச் செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் அளவுக்கு எளியவை. குளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். கோய் மீனுக்குத் தலைக்கு ஆயிரம் லிட்டர், தங்கமீனுக்கு இருநூறு. பத்தடிக்கு ஆறடி, மூன்றரை அடி ஆழக் குளத்தில் சுமார் 6,000 லிட்டர். ஆறு கோய் போதும், அதற்குமேல் ஆசை. ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே தீனி. பிளாஸ்டிக் டிரம்மில் ஸ்பாஞ்சும் ஜல்லியும் அடுக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்து நீர் முழுவதும் போய்வருமாறு மோட்டார். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்து நீரிலேயே அலச வேண்டும். மாநகராட்சி நீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே விட வேண்டும். போர் நீரென்றால் உயரத்திலிருந்து கொட்டவிட்டுக் காற்றேற்ற வேண்டும்.

செடிகளில் அல்லிக்கு நிகரில்லை. இலை விரித்து நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் பாசிக்கு வெயில் குறையும், மீனுக்கு மறைவும் கிடைக்கும்: மறுபடி ஒரே செடியில் இரண்டு புகாருக்கும் பதில். வடிகட்டியிலிருந்து திரும்பும் நீரை ஜல்லியில் நட்ட கல்வாழை வழியாகவோ வெட்டிவேர் வழியாகவோ விட்டால் நைட்ரேட்டை அவை உறிஞ்சிக்கொள்ளும். வேலம்பாசி நீருக்குள் நல்லது, அவ்வப்போது அள்ள வேண்டும். வெங்காயத்தாமரையை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் இரட்டிக்கக்கூடியது அது, குளத்தை மூடி மீனை மூச்சடைக்கச் செய்யும், வாய்க்காலுக்குத் தப்பினால் ஊரையே அடைக்கும்.

கடைசியாக, பாசி தின்னும் மீன் என்றும் ‘டேங்க் கிளீனர்’ என்றும் பெயர் சூட்டி விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி. உடம்பெல்லாம் முள்தகடு, கவிழ்ந்த வாய். நீரைத் தெளிவாக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். சுவர்ப்பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவிடும், ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்ததும் வீட்டுக்காரர் இரக்கப்பட்டு அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார். அந்த இரக்கத்தின் விளைவாக இன்று சென்னை ஏரிகளிலும் கேரள நீர்நிலைகளிலும் கொல்கத்தாவின் சதுப்புநிலங்களிலும் அந்த மீன் பெருகிக் கிடக்கிறது. கரையைத் தோண்டி வளை போடுகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது, சந்தையில் விலை போவதில்லை. தடித்த முள்தகட்டை மீறி அதை விழுங்கக்கூடிய கொக்கோ விராலோ நம் நீர்நிலைகளில் அரிது. குளத்தை மூட நேர்ந்தால், வீடு மாற நேர்ந்தால், மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது குளம் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். தங்கமீனோ கப்பியோ டேங்க் கிளீனரோ, எதையும் ஏரியில் விடாதீர்கள்.